உள்தையல்

ஒரு காலில் செருப்பு இல்லாமலேயே கோந்து மாடியேறி வந்தான். கையில் நூல்கண்டுப் பொட்டலம், முகமெல்லாம் வெயில். வலது காலில் செருப்பு ஒழுங்காக மாட்டியிருந்தது. இடது கால் வெறுங்கால்.

"இன்னொன்னு எங்க?" என்றாள் ஊசி.

"ரெண்டு கண்டுதானே கேட்ட? ரெண்டும் இருக்கு, பாரு."

"நூல் இல்லைங்க. செருப்பு."

அவன் குனிந்து பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான். "அட, கீழ வாசல்ல விட்டிருப்பேன்."

ஒன்றை வாசலில் கழற்றிவிட்டு இன்னொன்றோடு படியேறி வருகிற ஆளை அவள் எங்கே பார்த்திருக்கிறாள்? அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இறங்கிப் போய்ப் பார்த்தாள். வாசலில் இல்லை. தெருவில் இல்லை. முனை திரும்பி, நூல் கடைக்குப் பக்கத்தில் போனால், தார்ச்சாலை நடுவில் கவிழ்ந்து கிடந்தது. ஏதோ வண்டி ஏறிப் போன தடம் அதன் மேல் இருந்தது. எடுக்கக் குனிந்தபோது ரோட்டின் அனல் முகத்தில் அறைந்தது. இந்த ரோட்டில், இந்த வெயிலில், இங்கேயிருந்து வீடு வரைக்கும் ஒரு மனுஷன் வெறுங்காலோடு நடந்திருக்கிறான். நடந்தது அவனுக்கே தெரியவில்லை. அவளுக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அவன் பாதத்தைத் திருப்பினாள். குதிகாலிலும் பெருவிரலுக்குக் கீழேயும் கொப்புளம் கட்டியிருந்தது.

"எரியலையா?"

"நீ கேட்டதுக்கப்புறம் எரியற மாதிரி இருக்கு" என்றான். அவளைச் சமாதானப்படுத்தச் சொல்கிற பொய் என்பது அவன் கண்ணிலேயே தெரிந்தது.

இருவரும் ஒரே ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். அவள் தையல் பிரிவு, அவன் ஒட்டுப் பிரிவு. ஒல்லி உடம்பும் நூல் பிசகாத தையலும் அவளுக்கு ஊசி என்ற பேரை வாங்கிக் கொடுத்திருந்தன. அவனுக்குக் கோந்து. ஒட்டுகிற வேலை என்பதால் மட்டுமல்ல. பேச ஆரம்பித்தால் ஆளை விடமாட்டான். கல்யாணத்துக்கு வந்த சக தொழிலாளர்கள், "ஒருத்தர் தைச்சு ஒருத்தர் ஒட்டிட்டா அப்புறம் எவன் வந்து பிரிக்கிறது?" என்று கேலி செய்தார்கள். அந்தப் பேர்கள் அவர்களோடு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டன. அவனுடைய அக்காகூட, கோபம் வந்தால் பெற்றவர்கள் வைத்த பேரை மறந்து "டேய் கோந்து" என்பாள்.

ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனால் இரும்புக் கதவு பூட்டிக் கிடந்தது. உள்ளே நின்ற காவலாளி, "எனக்கே இப்பத்தாங்க தெரியும்" என்றார். அத்தனை வருஷ வேலை அந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்துபோனது.

சும்மா உட்கார்ந்திருந்த அந்த நாட்களில்தான் ஊசியின் தம்பி தன் ஷூவைக் கொண்டுவந்து போட்டான். செல்போன் கடையில் வேலை பார்க்கிறவன்; எதையும் விற்றுவிடுகிற வாய் அவனுக்கு. சோல் புதிது போல இருந்தது, மேல்பாகம் மட்டும் விரல் எட்டிப் பார்க்கும்படி கிழிந்திருந்தது. "தூக்கிப்போட மனசு வரலக்கா. ஏதாவது பண்ணேன்" என்றான். ஊசி மேல்பாகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தாள். துண்டுகளைக் காகிதத்தில் வைத்து வரைந்துகொண்டு, பழைய மழைக்கோட்டின் மஞ்சள் துணியிலும் வாரறுந்த கைப்பையின் கறுப்புத் தோலிலும் அதே அளவில் வெட்டித் தைத்தாள். கோந்து அதைக் கால் வடிவ அச்சில் மாட்டி இழுத்து, அதே சோலில் ஒட்டினான். தம்பி அதைப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினான். எங்கே வாங்கினது என்று பார்த்தவர்களெல்லாம் கேட்டார்கள். "எங்கயும் வாங்க முடியாது" என்று அவன் சொன்னதுதான் முதல் விளம்பரம்.

அதன் பிறகு பின்னறை பட்டறையாகிவிட்டது. தம்பி போட்டோ எடுத்துப் போட, ஆர்டர் வந்துகொண்டே இருந்தது. ஜீன்ஸ் துணியில் கேட்டார்கள், சோபா உறையில் கேட்டார்கள், கார் சீட்டுத் தோலில் கேட்டார்கள். ஒரு பெண், விட்டுப்போன காதலன் கொடுத்த மேல்கோட்டைக் கொண்டுவந்து கொடுத்து, "இதை நான் தினம் மிதிச்சு நடக்கணும்" என்றாள். மேல்பாகம் மிதிபடாதும்மா, சோல்தான் மிதிபடும் என்று கோந்து விளக்க ஆரம்பித்தான். ஊசி அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளி வைத்தாள்.

சோலைச் சூடு காட்டி இளக்கிப் பிரிப்பது, அச்சில் மாட்டுவது, ஒட்டுவது எல்லாம் அவன் வேலை. டின்னிலிருந்து சொல்யூஷன் பசையைத் தடவியதும் ஒட்டிவிடக் கூடாது. கொஞ்சம் காய வேண்டும். அதிகம் காய்ந்தாலும் பிடிக்காது. அந்த நேரத்தை அவன் கடிகாரம் பார்த்துச் சொன்னதே இல்லை. விரலின் புறத்தை லேசாக வைத்து எடுப்பான். ஒட்டியும் ஒட்டாமலும் விரல் பிரிந்து வந்தால் "இப்ப" என்பான். அவள் அமுக்குவாள். அப்படி ஒட்டியதைப் பிரிக்கக் கத்திதான் வேண்டும்.

முடிந்த ஷூவைக் கடைசியாகப் பார்ப்பது அவள் முறை. உள்ளே கையை விட்டு, விரல் நுனிகளால் உள்தையல் முழுவதையும் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பாள். எங்காவது முடிச்சு நெருடினால் தயவு தாட்சண்யம் இல்லாமல் பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள். வெளியே என்ன அழகாக இருந்தாலும் உள்ளே உறுத்தினால் அது ஷூ இல்லை, தண்டனை என்பது அவள் கட்சி.

பின்னறைக்கு ஒரே ஜன்னல். அதற்கு நேர் கீழே ஒரு தச்சுப் பட்டறை. ஜன்னலைத் திறந்தால் மரத்தூள் பறந்து வந்து ஈரச் சொல்யூஷன் மேல் உட்காரும். உட்கார்ந்தால் ஒட்டு நிற்காது. "மூடுங்க, தூசி வருது" என்று முதல் வாரமே ஊசி சொல்லிவிட்டாள். அன்று மூடிய ஜன்னல்தான். ஆரம்பத்தில் சொல்யூஷன் நெடிக்குத் தலை வலித்தது. பிறகு பழகிப்போனது. பழகியதும் கொஞ்சம் கிறக்கமாகக்கூட இருந்தது. "தண்ணி போடறவன் காசு குடுத்துப் போடறான். நமக்குச் சும்மா ஏறுது" என்று கோந்து சிரிப்பான்.

செருப்பு தொலைவதற்குச் சில மாதம் முன்பிருந்தே அவன் ஒட்டிய ஷூக்கள் வாயைப் பிளந்துகொண்டு திரும்பி வர ஆரம்பித்திருந்தன. டின்னில் கலப்படம் என்றான். வேறு கடையில் வாங்கினார்கள். அதுவும் கலப்படம் என்றான். ஊசி ஒரு நாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் விரலின் புறத்தை வைத்தான், எடுத்தான். மறுபடி வைத்தான். பிறகு அழுத்தியே வைத்தான். ஈரச் சொல்யூஷனில் விரல் தடம் பள்ளமாக விழுந்தது. "இப்ப" என்றான். அவள் அமுக்கினாள். தூக்கம் சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

செருப்பு விஷயம் காதுக்கு எட்டியதும் அவன் அக்கா விடவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டுப் பதிகிற இடத்தில் வேலை பார்க்கிறவள். மறுநாளே நரம்பு டாக்டரிடம் கொண்டுபோய் உட்காரவைத்தாள்.

டாக்டர் இளம்பெண். அவனைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். "நான் குத்தறப்பல்லாம் சொல்லுங்க" என்று குண்டூசியை எடுத்தார். பாதத்தில் குத்தினார். அவன் பேசாமல் கிடந்தான். கணுக்காலுக்கு மேலே குத்தினார். "ம்" என்றான். பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டு "ம்" என்றான். இன்னும் கொஞ்சம் விட்டு "ம்" என்றான். டாக்டரின் கை அப்போது சும்மாதான் இருந்தது. குண்டூசி அவர் விரலிடுக்கில் இருந்தது. பரீட்சையில் பார்த்து எழுதுகிற பையன் மாதிரி, அவன் குத்துகளை உத்தேசமாகக் கணக்குப் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான். ஊசிக்கு அங்கே நிற்க முடியவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். சொன்னார்கள். என்ன பசை என்று கேட்டார். அதையும் சொன்னார்கள்.

"அறையில காத்து வருமா? ஜன்னல் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. மூடியேதான் வச்சிருப்போம்" என்றான் கோந்து.

"அந்தப் பசையில இருக்கற ஆவிதான் நரம்பைத் தின்னுருக்கு. முதல்ல அந்த அறைக்குள்ள போறத நிறுத்துங்க."

"நிறுத்தினா சரியாயிடுங்களா டாக்டர்?" என்றாள் ஊசி.

"நிறுத்தினாலும் இன்னும் சில மாசத்துக்குக் கூடத்தான் செய்யும்மா. அப்புறம் நிக்கும். கொஞ்சம் திரும்பி வரலாம். எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது." பேனாவை மூடியவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்களும் அதே அறையிலதானே? உங்களுக்கு ஏதாவது இருக்கா?"

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றாள். யோசிக்கக்கூட இல்லை, கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

வெளியே வந்ததும் அக்கா அவளைத் தனியாக நிறுத்தினாள். "ஜன்னலை மூடச் சொன்னது யாரு?"

"நான்தான் அண்ணி."

பஸ்ஸில் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாள். வீடு வரும்வரை ஊசியின் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

அன்றிலிருந்து கோந்துக்குப் பின்னறை கிடையாது. முன்னறையில் உட்கார்ந்து, பிரித்த துண்டுகளைக் காகிதத்தில் வரைந்து கொடுப்பான். கொஞ்ச நாளில் பென்சிலும் விரலில் நிற்கவில்லை. ஊசி தண்ணீரில் கரைகிற பசையை வாங்கிப் பார்த்தாள். நெடியே இல்லை. முதல் மழைக்கே சோல் தனியாக, ஷூ தனியாக வந்துவிட்டது. ஒட்டே வேண்டாம் என்று சோலைச் சுற்றிக் குத்தூசியால் கையாலேயே தைத்தாள். உறுதியாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு ஜோடி தைக்கிற நேரத்தில் கேட்டவர்கள் பொறுமை இழந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா, ஒரு தடவை பேர் கெட்டுச்சுன்னா அவ்வளவுதான்" என்றான் தம்பி. "நான் திட்டறேன்னு நினைக்காத. ஜனங்க என்னைத்தான் கேக்கறாங்க."

அவன் சொன்னதில் தப்பு இல்லை. வீட்டில் சம்பாதிக்கிற கை இப்போது ஒரு ஜோடிதான். ஊசி பழைய டின்னைத் திறந்தாள். ஜன்னலை அகலத் திறந்து வைத்து, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஒட்டினாள். மரத்தூள் வந்து உட்கார்ந்தது. மறுநாள் ஜன்னலைப் பாதி மூடினாள். பிறகு, தடவுகிற நேரத்துக்கு மட்டும் முழுக்க மூடிக்கொண்டாள். பிறகு திறக்க மறந்தாள்.

"ஏதோ வாசனை வருதே" என்றான் கோந்து முன்னறையிலிருந்து.

"பக்கத்து வீட்ல பெயிண்ட் அடிக்கறாங்க."

"ஓ" என்றான். அவனுடைய நரம்புக்குத்தான் கேடு வந்திருந்தது. மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

டாக்டர் சொன்னபடியே அவனுக்குக் கூடிக்கொண்டுதான் போனது. சட்டைப் பொத்தானோடு காலை நேரம் முழுக்கப் போராடுவான். பாதம் முன்பக்கம் தொங்கிவிட்டது. தூக்கி வைக்க வரவில்லை. முழங்காலை உயர்த்தி, தண்ணீருக்குள் நடப்பவன் போல நடந்தான். தப், தப் என்று தரையில் சத்தம் கேட்கும். "நான் எங்க போறேன்னு உனக்கு இனிமே கவலையே இல்ல. மணி கட்டின மாடு மாதிரிதான்" என்றான். ஒரு தடவை படியில் விழுந்து முகவாய் கிழிந்தது. பாதத்தைத் தூக்கிப் பிடிக்க ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுத்தார்கள். காலுக்குப் பின்னால் ஏறி, பாதத்துக்குக் கீழே மடங்கி வருகிற பட்டை. அது எந்த ஷூவுக்குள்ளும் நுழையவில்லை. பட்டை மூலையில் கிடந்தது, அவன் வீட்டிலேயே கிடந்தான்.

அப்போதுதான் ஊசி மற்ற ஆர்டர்களை ஒதுக்கி வைத்தாள்.

அவன் அளவைவிடப் பெரிய, அதிகம் தேயாத பழைய ஸ்னீக்கர் ஜோடி ஒன்றைத் தேடி எடுத்தாள். மேல்பாகத்தை முழுவதும் கழற்றிப் போட்டாள். காகிதத்தில் வெட்டி அவன் கால் மேல் வைத்துப் பார்த்தாள்; சரியில்லை. கிழித்தாள், மறுபடி வெட்டினாள். முன்னால் கால் நுழைக்க அவனால் முடியாது என்று, குதிகால் பக்கம் கதவு போலத் திறக்கிறாற்போல் வைத்தாள். கணுக்காலுக்கு மேலே அந்தப் பிளாஸ்டிக் பட்டையையும் சேர்த்து இழுத்துப் பிடிக்க உயரமான கழுத்து. கயிற்றுக்குப் பதிலாக, முழங்கையால் அழுத்தினாலே ஒட்டிக்கொள்கிற அகலமான பட்டைகள். தரையில் இழுபடும் விரல்பக்கத்துக்கு ரப்பர். மேல்பாகத்துக்கு, யாரோ வேண்டாமென்று விட்டுப்போன ஒரு கோட்டின் சாம்பல் நிற மெல்லிய தோல். கன்னத்தில் வைத்தால் தூக்கம் வருகிற மென்மை. இழுவை தாங்க வேண்டுமே என்று நைலான் நூலால் தைத்து, ஒவ்வொரு நுனியையும் நெருப்புக் காட்டி உருக்கி அடைத்தாள்.

முடித்துவிட்டு வழக்கம்போல உள்ளே கையை விட்டாள். ஒரு சுற்றுத் தடவினாள். இன்னொரு சுற்றும் தடவினாள். பட்டுப் போல இருந்தது. எங்கும் ஒரு நெருடல் இல்லை.

அவன் அதைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றான். சுவரைப் பிடிக்காமல் வாசல் வரை போனான். சத்தமே வரவில்லை. அங்கேயே திரும்பி அவளைப் பார்த்தான்.

"எப்படி இருக்கு?"

"மெத்துன்னு இருக்கு" என்றான். "சத்தியமா சொல்றேன் ஊசி, பஞ்சு மேல நிக்கற மாதிரி இருக்கு."

அன்று சாயங்காலம் இருவரும் கடைத்தெரு வரை நடந்தார்கள். டீ குடித்தார்கள். தெரிந்தவர்களை எல்லாம் நிறுத்தி அவன் பேசினான். அவர்கள் நழுவப் பார்க்க, இவன் விடாமல் பேசினான். அவளுக்குப் பழைய கோந்து கிடைத்துவிட்டாற்போல் இருந்தது. தம்பி வந்து ஷூவைச் சுற்றிச் சுற்றி போட்டோ எடுத்தான். "இந்த மாதிரி கால் வராதவங்க எத்தனை பேர் இருப்பாங்க! இதையே தொழிலாப் பண்ணலாம்க்கா" என்றான். அவளுக்கும் அப்படித் தோன்றியது. அந்தச் சில நாட்கள் அவள் நன்றாகத் தூங்கினாள்.

கோந்து அந்த ஷூவைக் கழற்றவே மனம் இல்லாமல் இருந்தான். கழற்றினால் மாட்ட நேரமாகிறது என்று சாக்ஸோடு அதிலேயே கிடந்தான். இடது ஷூவின் சுண்டுவிரல் பக்கம் சாம்பல் தோலில் ஒரு பழுப்புக் கறை தெரிந்தது. ஊசி பார்த்தாள். பழைய தோல், வியர்வை பட்டுச் சாயம் இறங்குகிறது என்று நினைத்தாள். ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். மறுநாள் கறை பெரிதாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோந்தின் அக்கா வந்தாள். வாசலில் நுழைந்ததுமே மூக்கைச் சுளித்தாள். "என்னடி நாத்தம் இது? எலி ஏதும் செத்துக் கிடக்கா?" என்று மூலை மூலையாகத் தேடினாள். தேடிக்கொண்டே கோந்து உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தவள் நின்றுவிட்டாள். "டேய், அதைக் கழட்டு."

"எதுக்குக்கா? நல்லாத்தான் இருக்கு."

அக்காவே உட்கார்ந்து கழற்றினாள். சாக்ஸ் தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உரித்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஒரு குழி. குழிக்குள் வெள்ளையாக என்னவோ தெரிந்தது. கோந்து எட்டிப் பார்த்தான். யாருடைய காலையோ பார்ப்பது போலத்தான் பார்த்தான். "வலிக்கவே இல்லையேக்கா" என்றான்.

சுண்டுவிரலையும் அதை அடுத்த விரலையும் எடுக்க வேண்டியதாயிற்று.

அவன் வார்டில் மயக்கம் தெளியாமல் கிடந்தபோது, வெளியே பெஞ்சில் அக்காவும் ஊசியும் உட்கார்ந்திருந்தார்கள். கழற்றிய சாமான்களைப் பையில் போட்டு அக்கா மடியில் வைத்திருந்தாள். என்ன நினைத்தாளோ, அந்த இடது ஷூவை எடுத்து உள்ளே கையை விட்டாள். உடனே வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"என்னடி இது, முள்ளு மாதிரி குத்துது?"

"குத்தாதே அண்ணி. நான் பாத்தேனே."

"நீயே பாரு."

ஊசி கையை விட்டாள். சுண்டுவிரல் பக்கத்துத் தையலை மேலிருந்து கீழ் வரை தடவினாள். வழவழவென்றுதான் இருந்தது. "எங்க அண்ணி? ஒண்ணும் இல்லையே."

அக்கா அவளை முறைத்தாள். வேண்டுமென்றே மழுப்புகிறாள் என்று நினைத்தாளோ என்னவோ, அவள் விரலைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் ஓரிடத்தில் வைத்து அழுத்தினாள். "இந்தா. இதோ, இது."

ஊசி அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை வெளியே எடுத்துப் பார்த்தாள். விரல் நுனியில் மிளகளவு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஷூவின் கழுத்தை விரித்து வெளிச்சத்தில் சாய்த்தாள். உள்தையலின் ஓரத்தில், நெருப்புக் காட்டி உருக்கிய நூல் முனை கறுப்பாக, கெட்டியாக, கூராக நின்றுகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிகிறது. விரலை வைத்தாள். விரல் அதன் மேல்தான் இருக்கிறது. எடுத்தாள், வைத்தாள். இன்னும் அழுத்தி வைத்தாள்.

அக்காவின் கோபம் அப்படியே கரைந்து போனது. "எப்ப இருந்துடி?" என்றாள் மெதுவாக.

"தெரியல அண்ணி" என்றாள் ஊசி. "தெரியாமத்தானே இருக்கும்."

அதே டாக்டர். அதே குண்டூசி. இந்தத் தடவை ஊசி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் உத்தேசமாக எதுவும் சொல்லவில்லை. குத்தியது தெரிந்தால் சொல்லலாம் என்று காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர்?" என்று கேட்டாள். "முடிச்சுட்டேம்மா, கண்ணைத் திறங்க" என்றார் டாக்டர்.

கோந்துக்கு நினைவு நன்றாகத் திரும்பியபின் அவளே சொன்னாள். ஒன்றையும் ஒளிக்கவில்லை. டின்னைத் திறந்தது, ஜன்னலை மூடியது, விரல் மரத்தது எல்லாம் சொன்னாள். அவன் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"பெயிண்ட் அடிக்கலைன்னு எனக்குத் தெரியும்" என்றான்.

"தெரியுமா?"

"அந்த வாசனை எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் அதுலதானே கிடந்தேன். வேணாம்னு சொன்னா நீ நிறுத்திடுவ. நிறுத்தினா நாம எங்க போறது? அதான்... பேசாம இருந்துட்டேன்."

பக்கத்துக் கட்டில்காரர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவர் இரண்டு சுளை நீட்டினார். ஊசி வாங்கிக்கொண்டாள். வாங்கியதில் ஒன்று விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

பட்டறையைத் தம்பிதான் காலி செய்தான். தையல் மிஷினையும் அச்சுகளையும் வண்டியில் ஏற்றிவிட்டு, படியில் உட்கார்ந்து அழுதான். "ஆர்டர் ஆர்டர்னு உன் உசிரை வாங்கினது நான்தான்க்கா" என்றான். "நீ என்னடா பண்ணுவ, போடா" என்றாள். பாதி முடிந்த ஷூக்கள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. யாருடையது என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தான். சிலர் வந்து வாங்கிக்கொள்ளவே இல்லை.

இப்போது ஊசி ஒரு பெரிய மளிகைக் கடையில் சாமான் அடுக்குகிறாள். கண்ணாடிப் பாட்டில் வரிசைப் பக்கம் மட்டும் அவளை விடுவதில்லை. சேர்ந்த புதிதில் கைநழுவி உடைந்த பாட்டில்கள் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார். கோந்து கம்பு ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறான். கூடுவது நின்றுவிட்டது; திரும்பி வருவது தொடங்கவில்லை. வரலாம் என்றுதான் டாக்டர் இன்னும் சொல்கிறார். அவளுக்கு இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது. செருப்புப் போடும்போது போட்டாயிற்றா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாள்.

காலைத் தினமும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் அவள் வேலைக்குக் கிளம்புமுன் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து எதிரெதிரே உட்கார்ந்துகொள்கிறார்கள். முதலில் அவன் கால் அவள் மடிக்கு வரும். விரலிடுக்கு, குதிகால், வெட்டிய இடத்துத் தழும்பு, எல்லாவற்றையும் பார்ப்பாள். பிறகு அவள் கால் அவன் மடிக்குப் போகும். அதன் பிறகு கைகள்.

ஒரு நாள் அவள் பாதத்தை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பார்வை ஓரிடத்தில் நின்றது.

"இங்க ஒரு வெட்டு இருக்கு."

"ஆழமா?"

"கொஞ்சம். எப்ப பட்டுச்சு?"

"யாருக்குத் தெரியும்" என்றாள்.

அவன் மருந்துக் குழாயை எடுத்தான். மூடி அவன் விரலுக்குச் சிக்கவில்லை. திருப்பினான், வழுக்கியது. சட்டை நுனியால் பிடித்துத் திருப்பினான், அதுவும் வழுக்கியது. பல்லில் கடித்துக்கொண்டு குழாயைத் திருகினான். வெளியே அவள் போக வேண்டிய பஸ் வந்து நின்று கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அவன் திறக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.